கதிர் பீரங்கி சுட்ட சாயங்காலம்

எங்கள் அப்பாவுக்குப் பொய் வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையாக இருந்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வகுப்பில் எல்லாரும் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் மட்டும், 'அம்மா ஊரில் மாடு கன்று ஈன்றிருப்பதால் பார்க்கப் போனாள்' என்று அப்பா முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டிவிட்டு, டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்லி அவர் யாரையும் திருப்பி அனுப்பியதும் கிடையாது. அம்மாவுக்கு இதில் அடங்காத கோபம். ஒரு மனுஷன் இப்படியா இருப்பார் என்று பக்கத்து வீட்டில் போய்ப் புலம்பிவிட்டு வருவாள்.

கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை. இப்படிச் சொன்னதும் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே அவர் தபால் பிரிவில் எழுத்தர். வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றிப் பிரித்து அனுப்புவதும், போகிற கடிதங்களுக்கு உறை ஒட்டுவதும்தான் அவர் செய்த அணு ஆராய்ச்சி. சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கி வரும்போது கையில் பசை வாடை அடிக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், வந்த இடத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் ஊர் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது. அந்த ஊருக்கு அவர் ஒட்டுமொத்தமாக மாப்பிள்ளை. தபால் பிரிவு என்பதை மட்டும் அந்த ஊரில் ஒருத்தரும் கடைசிவரை நம்பவில்லை.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் எல்லையில் சண்டை நடந்தது. ஊரே செய்தி கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. இனிமேல் யுத்தம் குண்டால் நடக்காதாம், ஒளியால் நடக்குமாம். நடுப்பக்கத்தில் வண்ணப்படம் போட்டிருந்தார்கள். லாரி முதுகில் ஒரு பீரங்கி, அதன் வாயிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் முனையில் பற்றி எரிகிற விமானம். வல்லரசுகள் இதை ரகசியமாகச் செய்துகொண்டிருப்பதாகவும், நம் நாடும் சளைத்ததல்ல என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதாகவும் கட்டுரை முடிந்தது. அந்த விஷயம் தெரிந்தவர் யார் என்பதை அம்மாவின் ஊர் டீக்கடை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் வடைச் சட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மாப்ள, அந்தக் கதிர் பீரங்கி உங்காண்டதான் கீதாமே?"

அப்படி எதுவும் இல்லை, நான் தபால் பிரிவு என்றார் அப்பா. டீக்கடைக்காரர் திரும்பி பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்கள். "பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. சத்தியம் வாங்கியிருப்பாங்க" என்றார் ஒருத்தர். வாழ்க்கையில் பொய்யே சொல்லாத மனிதர் சொன்ன உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை. அவர் எவ்வளவு இல்லை என்றாரோ, பீரங்கி அவ்வளவு பெரியதாயிற்று.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. நம்ம பக்கத்திலேயே அப்படியொரு ஆயுதம் இருப்பது பெருமை என்றது ஒரு கட்சி. இருந்தால் எதிரி முதலில் நம் தலையில்தானே போடுவான் என்றது இன்னொரு கட்சி. கட்டுமரக்காரர் ஒருத்தர், அந்தக் கதிரைக் கடலில் விட்டால் மீன் வெந்து மிதக்குமா என்று அப்பாவைக் கேட்டார். மேலத் தெரு அம்மாள் ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். ஏழு மணிக்கு மேல் அவள் வீட்டு டிவியில் கோடு கோடாக விழுகிறதாம், அந்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டுமாம். அப்பா ஆண்டெனாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். திருப்பியதும் கோடு போய்விட்டது. அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது சித்திக்கு வருகிறேன். அம்மாவுக்கு நேர் இளையவள். செங்கல்பட்டுக்குப் பேருந்தில் போய் மின்சாரத்தில் டிப்ளமோ முடித்தவள். தாத்தா மைக் செட்டும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாக்களில் மூங்கில் சாரம் கட்டி, பல்பாலேயே அம்மனையும் யானையையும் மயிலையும் ஓடவிடுவார்களே, அந்த வேலை. அதற்கு முந்தின வருஷம் சாரத்திலிருந்து விழுந்ததில் தாத்தாவுக்கு இடுப்புப் போய்விட்டது. ஆடி முடிந்ததும் சாமான்களை எல்லாம் திருக்கழுக்குன்றத்து மைக் செட்காரருக்குக் கொடுத்துவிட்டு, ஆவணியில் சித்தியை அரக்கோணத்து வரனுக்குக் கட்டிவைப்பதாக முடிவு செய்திருந்தார். சித்தி அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் கேட்டாள். இந்த ஆடித் திருவிழா அலங்காரத்தை நான் செய்கிறேன், ஊர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கடை என்னுடையது, அரக்கோணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஊர் அப்படிச் சொல்லவா போகிறது என்ற தைரியத்தில் தாத்தா சரி என்றார்.

தர்மகர்த்தா சரி என்பதற்கு நாளாயிற்று. "பொம்பளப் புள்ள சாரத்து மேல ஏறிகினு இருந்தா பாக்க நல்லாவா கீது?" என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தபோது, சித்தி மடியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தாள். நடுவில் சிங்கத்தின்மேல் அம்மன். பக்கத்தில், சாரத்தின் அடியிலிருந்து முனை வரைக்கும், பத்திரிகையில் வந்த அதே கதிர் பீரங்கியும் விமானமும். தர்மகர்த்தா வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார். பீரங்கி அம்மனைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, அதன் நெற்றியில் குங்குமம் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை மட்டும் போட்டார்.

அப்பாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக ஊருக்குக் காட்டுவது பொய்தானே என்றார். சித்தி ஒயர் சீவிக்கொண்டே, "அம்மன் சிங்கத்து மேல உக்காந்துகினு கீறாங்களே மாமா, அத்த யாரு பாத்தா?" என்று கேட்டாள். அப்பா காபி குடிக்க உள்ளே போனார்.

ஆடி மாதம் முழுக்க சனி ஞாயிறுகளில் நான் சித்தியோடுதான் கிடந்தேன். சின்னப் பல்புகளைச் சிவப்புச் சாயத்தில் முக்கிக் காயவைக்கிற வேலை எனக்கு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ரோலர்தான். சாரத்துக்குப் பின்னால் கீற்றுத் தடுப்புக்குள் படுத்திருக்கும் மர உருளை அது. உடம்பெல்லாம் செப்புத் தகடு அடித்திருக்கும். ஒரு மோட்டார் ரப்பர் பெல்ட்டால் அதைச் சுற்றும். தகடு சுற்றிச்சுற்றி ஒயர்களைத் தொடத் தொட, முன்னால் பல்புகள் வரிசையாக எரிந்து அணையும். பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம் ஓடுவதாகத் தெரியும். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் சித்தி ஒருதரம் ஓட்டிக் காட்டினாள். முதலில் பீரங்கி செக்கச்செவேல் என்று எரிந்தது. அதன் வாயிலிருந்து சிவப்பு வெளிச்சம் மேலே மேலே ஓடியது. போய்ச் சேர்ந்ததும் விமானம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளீரென்று வெடித்து அணைந்தது. வெயிலிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாத்தா கோயிலுக்கு எதிரில் போட்ட கட்டிலில் படுத்தபடி பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடிந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குப் போடுவதாக ஏற்பாடு. பீரங்கி என்ற பேச்சு பரவி, கோவளத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் ஜனம் வந்திருந்தது. சொல்லி வைத்த மாதிரி ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. சித்தி ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினாள். போகும்போது என்னைக் கீற்றுத் தடுப்புக்குள் உட்காரவைத்து, "யாரையும் தொட வுடாத, நீயும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெனரேட்டர் ஒருமுறை உறுமியது. மோட்டார் வெட்டி இழுத்ததில் பெல்ட் கழன்று விழுந்தது. உடனே ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. டீசல் ஊற்றச் சொல்லி யாரோ கத்துவது கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன், சித்தியைக் காணோம். ஆறு அடிக்கப் போகிறது. சித்தியின் கடை, சித்தியின் கல்யாணம், எல்லாம் என் காலடியில் பெல்ட்டாகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எடுத்து மாட்டினேன். தொளதொளவென்று தொங்கியது. மறுபடி கழன்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஜடைக்குப் போடுகிற ரப்பர் பேண்ட் தளர்ந்துபோனால் என்ன செய்வோம்? நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, எட்டு மாதிரி ஆக்கி மாட்டுவோம். அப்படியே செய்தேன். பெல்ட் கிண்ணென்று உட்கார்ந்துகொண்டது. உருளையின் அச்சில் தடவியிருந்த கிரீஸ் முழங்கை வரை அப்பியது. பத்து வயதில் என்னைப் போல ஒரு புத்திசாலி அந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

பெல்ட்டை எட்டுப் போட்டால் உருளை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை நான் கற்றுக்கொள்வதற்கு இன்னும் சில வருஷங்கள் இருந்தன.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. மைக்கில் அம்மன் பெயரைச் சொல்லி, தர்மகர்த்தா சுவிட்சைப் போட்டார். நான் கீற்றின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அம்மன் அழகாக எழுந்தாள், சிங்கம் வாலை ஆட்டியது. பிறகு விமானத்தில் பளீரென்று ஒரு வெடிப்பு. அங்கிருந்து சிவப்பு வெளிச்சம் விறுவிறுவென்று கீழே ஓடி வந்தது. வந்து சேர்ந்ததும் நம்முடைய பீரங்கி, குங்குமத்தோடு, செக்கச்செவேல் என்று எரிந்தது. மறுபடி விமானம் வெடித்தது, மறுபடி வெளிச்சம் கீழே வந்தது, மறுபடி நம் பீரங்கி எரிந்தது.

பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுபோயிற்று. அத்தனை ஜனமும் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தது. "இன்னாடா இது, அவன் நம்மளச் சுடறான்?" என்று முதலில் கேட்டது டீக்கடைக்காரர் குரல். அவ்வளவுதான். சண்டை ஓய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நம் ஊர்க் கோயிலிலேயே நம்மைத் தோற்கடிப்பதா என்று இளவட்டங்கள் கொதித்தார்கள். பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருத்தர். இல்லை, திருக்கழுக்குன்றத்து மைக் செட்காரர் ஆள் வைத்து ஒயரை மாற்றிவிட்டார் என்று இன்னொருத்தர். சித்தி ஜெனரேட்டரிடமிருந்து ஓடி வந்தாள். அவளை நடுவழியில் சூழ்ந்துகொண்டார்கள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கூட்டத்துக்கு அப்பால் நாற்காலியில் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெல்ட் சரியாகத்தானே ஓடுகிறது, பிறகு என்ன கேடு வந்தது என்று புரியாமல் விழித்தேன்.

அப்போது கீற்றை விலக்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். என்னைத் தேடி வந்திருக்க வேண்டும். ரோலரைப் பார்த்தார், எட்டுப் போட்டு ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அது தானா அவுந்துடுச்சுப்பா, நான்தான் மாட்டினேன்" என்று ஆறுதலாகச் சொன்னேன். வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது. பின்னால் போய் யார் என்று பாருங்கடா என்று ஒரு குரல் கேட்டது. என்னை அங்கேயே உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு, அப்பா வெளியே போய் அவர்களுக்குக் குறுக்கே நின்றார்.

தர்மகர்த்தா கையில் இருந்த மைக்கோடு வந்தார். "மாப்ள, நீங்களே சொல்லுங்க. உங்காண்ட கீறது இப்டித்தான் வேல செய்தா?" என்று கேட்டு மைக்கை அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினார். இரண்டு மாதமாக இந்த ஊர் அவரைக் கேட்ட கேள்வி, இப்போது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. கூட்டம் அடங்கிவிட்டது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் இருந்தது. அப்பா எச்சில் விழுங்கினார், அதுவும் மைக்கில் கேட்டது.

"இது சுடுற பீரங்கி இல்லைங்க" என்றார். அதோடு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். "உறிஞ்சுற பீரங்கி. எதிரி விமானத்துல இருக்கிற சக்தி மொத்தத்தையும் கீழ இழுத்துக்கும். அங்க அணையுது, இங்க எரியுது, நல்லாப் பாருங்க." எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. விமானம் பளிச்சிட்டு அணைந்தது. வெளிச்சம் கீழே வழிந்தது. பீரங்கி வயிறு நிறைந்தது போலப் பிரகாசித்தது. அப்பா இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தார். "இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஊரைச் சாய்த்தது. எழுந்த விசிலும் கூச்சலும் கடல் வரைக்கும் கேட்டிருக்கும். பம்பைக்காரர் வெறி வந்த மாதிரி அடித்தார். இளவட்டங்கள் அப்பாவைத் தூக்கப் பார்த்தார்கள், அவர் நழுவிவிட்டார். வெளிச்சம் கீழே ஓடி வரும் ஒவ்வொரு தடவையும் இழு, இழு என்று வலை இழுக்கிற மாதிரி ஆயிரம் தொண்டைகள் கத்தின. சித்தியை மேடையில் ஏற்றினார்கள். தர்மகர்த்தா அம்மன் கழுத்து மாலையைப் பூசாரி கையால் அவளுக்குப் போடச் சொன்னார். மின் அலங்காரம் என்று சொல்லி, தாத்தா பெயரைச் சொல்லாமல் சித்தி பெயரை மட்டும் மூன்று முறை மைக்கில் சொன்னார். சித்தி மாலையோடு தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா எழுந்து நின்று, இடுப்பு வலியோடு, கையைத் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். நான் கீற்றுக்குள் இருந்தபடியே குதித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

மறுநாள் பெல்ட்டை நேராக்குகிறேன் என்று சித்தி போனபோது, கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று தர்மகர்த்தா மிரட்டி அனுப்பினார். உறிஞ்சின சக்தியை ஊருக்குத் திருப்பி விட்டால் கரண்ட் கட்டே இருக்காதே, கவர்மெண்ட்டுக்கு இது ஏன் தோன்றவில்லை என்பது அதற்கு அடுத்த வாரம் டீக்கடையின் விவாதம். அரக்கோணத்து வரன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எத்தனையோ ஊர்க்காரர்கள் உறிஞ்சுகிற பீரங்கிதான் வேண்டும் என்று சித்தியின் கடைக்கு வந்து நின்றார்கள். அவள் ஒவ்வோர் ஊரிலும் தன் கையாலேயே பெல்ட்டை எட்டுப் போட்டாள்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மேடையில் மாலை விழுந்ததும், அந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்களும் சித்தியை முன்னால் விட்டுக்கொண்டு பின்பக்கம் கிளம்பினார்கள். அவர்களுக்கு முன்னால் அப்பா ஓட்டமும் நடையுமாகக் கீற்றுக்குள் வந்தார். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தன் கைக்குட்டையில் நனைத்து, என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நக இடுக்கை விடவில்லை, முழங்கையை விடவில்லை. வாடை அடிக்கிறது, எரிகிறது என்று நான் முனகினேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. துடைத்து முடித்து, கருப்பான கைக்குட்டையைத் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அரசாங்க ரகசியத்தை ஊர் முழுக்க மைக்கில் போட்டு உடைத்துவிட்டு வந்த மனிதர், கேவலம் இந்தக் கிரீஸுக்கு ஏன் இப்படி நடுங்குகிறார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.